கரை சேர்க்கும் வேகம்

'லாரன்ஸ் ஆஃப் அரேபியா' படத்தைப் பார்த்தவர்களுக்கு டி.இ. லாரன்ஸ் என்றதும் ஒட்டகமும் மணற்காடும் வெள்ளை அங்கியும்தான் நினைவுக்கு வரும். ஆனால், அந்த மனிதர் தன் கடைசி ஆண்டுகளைக் கழித்தது எண்ணெய்ப் பிசுக்கு படிந்த படகுப் பட்டறைகளில். புகழை உதறிவிட்டு, பெயரையும் 'ஷா' என்று மாற்றிக்கொண்டு, பிரிட்டிஷ் விமானப்படையில் சாதாரணச் சிப்பாயாகச் சேர்ந்திருந்தார். இங்கிலாந்தின் தென்கரையில், ப்ளிமத் அருகே மவுண்ட் பேட்டன் தளத்தில் அவருக்கு வேலை.

1931 பிப்ரவரி 4 அன்று, அந்தத் தளத்துக்கு எதிரே, கண் முன்னாலேயே 'ஐரிஸ்' என்ற கடல் விமானம் தண்ணீரில் குத்தி விழுந்தது. உள்ளே 12 பேர். கரையிலிருந்து படகு ஓடியது, லாரன்ஸும் ஓடினார். மூன்று பேரைத்தான் மீட்க முடிந்தது.

விமானப்படையிடம் அப்போது இருந்த படகுகள் கனத்தவை, கடற்படையின் பழைய பாணியில் கட்டப்பட்டவை. ஆகாயத்தில் பறப்பவர்களைக் காப்பாற்ற ஆமை வேகத்தில் போய் ஆகாது என்பது லாரன்ஸுக்கு ஏற்கெனவே தெரியும். பரிசாக வந்த 'பிஸ்கேன் பேபி' என்ற சிறு அமெரிக்க வேகப் படகைப் பிரித்துப் பூட்டி ஓட்டிப் பழகியவர் அவர். விபத்துக்குப் பிறகு விமானப்படை அவரை ஹைத் என்ற ஊரில் ஹியூபர்ட் ஸ்காட்-பெயின் நடத்திவந்த படகுத் தொழிற்சாலைக்கு அனுப்பியது. அங்கே உருவான 37 அடிப் படகு மணிக்கு ஏறக்குறைய 50 கி.மீ. வேகத்தில் அலை மேல் தாவி ஓடியது. அதைச் சோதித்து ஓட்டியதோடு நிற்காமல், மெக்கானிக்குகளுக்குக் கையேடும் எழுதிக் கொடுத்தார் லாரன்ஸ். 1935 பிப்ரவரியில் பணி ஓய்வு. மூன்றே மாதத்தில் மோட்டார் சைக்கிள் விபத்தில் மரணம்.

வேகப் படகின் 150 ஆண்டு வரலாற்றில் பந்தயக்காரர்கள் உண்டு, படைவீரர்கள் உண்டு, கடத்தல்காரர்கள் உண்டு. கோப்பையும் பதக்கமும் சினிமாவும் அவர்களுக்கே போயின. ஆளைத் தூக்கிக் கரை சேர்க்கப் போன படகுகள் அவ்வளவாகப் பேசப்படவில்லை. பேச்சில் மட்டும் என்றால் போகட்டும் என்று விட்டுவிடலாம். அரசுகள் பணம் ஒதுக்கும்போதும் மீட்புக்கான வேகம் கடைசி வரிசையில்தான் நிற்கிறது. இந்த வரிசையைத் திருப்பிப்போட வேண்டிய தேவை, மீனவர்கள் நிறைந்த நம் கடற்கரைக்கு மற்றவர்களைவிட அதிகம்.

தண்ணீர் போடும் தடை

படகை வேகமாக ஓட்ட பெரிய எஞ்சின் போதும் என்று தோன்றும். தண்ணீர் அதற்கு இடம்கொடாது. மிதந்து செல்லும் எந்தப் படகும் தன் முன்னால் ஓர் அலையை எழுப்புகிறது. வேகம் கூடக்கூட அந்த அலையும் நீண்டு, படகின் நீளத்தை எட்டிவிடும். அதற்கு மேல் எஞ்சினை முறுக்கினாலும், படகு தான் கிளப்பிய அலையின் சரிவிலேயே மூச்சுமுட்ட ஏறிக்கொண்டிருக்கும். 8 மீட்டர் நீளமுள்ள சாதாரணப் படகுக்கு இந்த எல்லை ஏறக்குறைய 7 நாட், அதாவது மணிக்கு 13 கி.மீ. நன்றாக மிதிக்கும் சைக்கிள்காரர் அதை முந்திவிடுவார்.

இதற்கான வழி கிராமத்துப் பிள்ளைகளுக்குத் தெரியும். குளத்தில் ஓட்டாஞ்சில்லைத் தாழ்வாக வீசினால் அது மூழ்காமல் தண்ணீரைத் தொட்டுத் தொட்டுத் தாவிப் போகும். படகின் அடிப்பாகத்தைத் தட்டையாகவோ படிபோலவோ அமைத்து, போதிய வேகத்தில் தள்ளினால், அதுவும் தண்ணீரைக் கிழிப்பதை விட்டுவிட்டு அதன் மேல் ஏறிக்கொள்ளும். இங்கிலாந்துப் பாதிரியார் சார்லஸ் மீட் ராமஸ் 1872இலேயே இந்த யோசனையைச் சொன்னார். அன்றைய நீராவி எஞ்சின்களின் கனம் அதற்கு ஒத்துவரவில்லை. பாதிரியாரின் யோசனை பெட்ரோல் எஞ்சினுக்காகக் காத்துக்கிடந்தது.

அதற்காக நீராவிப் படகுகள் சும்மா இருக்கவில்லை. 1876இல் தார்னிகிராஃப்ட் நிறுவனம் பிரிட்டிஷ் கடற்படைக்குக் கட்டிய 'லைட்னிங்' என்ற டார்ப்பிடோ படகு ஏறக்குறைய 19 நாட் ஓடியது. 1897இல், விக்டோரியா மகாராணியின் வைர விழாவுக்காக ஸ்பிட்ஹெட்டில் கடற்படைக் கப்பல்கள் அணிவகுத்து நின்றபோது, சார்லஸ் பார்சன்ஸ் தன் 'டர்பினியா' படகை அழைப்பில்லாமலே நடுவில் ஓட்டிக் காட்டினார். விரட்டிய காவல் படகுகளால் அதைப் பிடிக்க முடியவில்லை. நீராவி டர்பைனின் உதவியால் அதன் வேகம் 34 நாட். சில ஆண்டுகளிலேயே கடற்படையும் டர்பைனுக்கு மாறியது.

கோப்பைக்கு ஓடியவர்கள்

பெட்ரோல் எஞ்சின் வந்ததும் பணக்காரர்களின் கண் தண்ணீர் மேல் விழுந்தது. 1903இல் அயர்லாந்தின் கார்க் துறைமுகத்தில் முதல் ஹார்ம்ஸ்வொர்த் கோப்பைப் பந்தயம் நடந்தது. 'நேப்பியர்' என்ற படகு மணிக்கு 31 கி.மீ. வேகத்தில் வென்றது. கோப்பையில் பொறிக்கப்பட்ட பெயர் உரிமையாளர் எஸ்.எஃப். எட்ஜுடையது, படகைச் செலுத்தியவர் அவரிடம் வேலை பார்த்த டோரதி லெவிட் என்ற இளம்பெண்.

1908 லண்டன் ஒலிம்பிக்கில் மோட்டார் படகுப் பந்தயமும் இருந்தது என்பது இன்று பலருக்கு வியப்பாக இருக்கும். சவுத்தாம்ப்டன் நீர்ப்பரப்பில் மூன்று பிரிவுகளாகப் போட்டி. காற்று சுழற்றியடித்ததில் மூன்று பிரிவிலுமே கடைசிவரை ஓடி முடித்தது ஒவ்வொரு படகுதான். இரண்டு பிரிவுகளில் தங்கம் வென்ற 'கைரினஸ்' படகில், ஏறும் தண்ணீரை இறைத்து ஊற்றுவதற்கென்றே ஓர் ஆளைச் சேர்த்திருந்தார்கள். அவருக்கும் தங்கப் பதக்கம் கிடைத்தது. அதற்குப் பிறகு ஒலிம்பிக்கில் மோட்டார் படகுக்கு இடமில்லை.

அமெரிக்காவில் கார் வுட் என்றொருவர் இருந்தார். லாரியின் பின்பெட்டியைத் தூக்கிச் சரக்கைக் கொட்டும் ஹைட்ராலிக் கருவியைக் கண்டுபிடித்துச் சம்பாதித்தவர். அந்தப் பணத்தையெல்லாம் படகில் கொட்டினார். முதல் உலகப் போருக்காகத் தயாரித்து மீந்துபோன 'லிபர்ட்டி' விமான எஞ்சின்களை மலிவாக வாங்கிப் படகில் பூட்டினார். 1921இல் மயாமியிலிருந்து நியூயார்க் வரை 2,000 கி.மீ. கடலோரமாக ரயிலோடு போட்டி போட்டு, 47 மணி நேரத்துச் சொச்சத்தில் ரயிலைச் சில நிமிடங்களில் முந்தினார். 1931இல் மணிக்கு 100 மைலைத் தாண்டிய முதல் படகு அவருடையது. அடுத்த ஆண்டு அவருடைய 'மிஸ் அமெரிக்கா 10' நான்கு விமான எஞ்சின்களின் பலத்தில் 200 கி.மீ. வேகத்தைத் தொட்டது.

இந்தப் போட்டியால் ஒரு நன்மையும் விளைந்தது. எடை குறைந்த எஞ்சின், அடியில் படி வைத்த வடிவம், வேகத்தில் உடையாத சுழலி ஆகியவை பந்தயக்காரர்களின் காசில்தான் சோதிக்கப்பட்டன. லாரன்ஸின் மீட்புப் படகைக் கட்டிக்கொடுத்த ஸ்காட்-பெயினும் ஹார்ம்ஸ்வொர்த் கோப்பைக்காக கார் வுட்டோடு மோதியவர்தான்.

சோதனைக்குக் கொடுத்த விலை பெரிது. 1930 ஜூன் 13 அன்று வின்டர்மியர் ஏரியில் மணிக்கு 158 கி.மீ. தாண்டி உலகச் சாதனை படைத்த ஹென்றி சீக்ரேவ், அடுத்த ஓட்டத்தில் படகு கவிழ்ந்து இறந்தார். தண்ணீரில் மிதந்த கட்டையில் மோதியிருக்கலாம் என்று கருதப்பட்டது. கரைக்குத் தூக்கி வந்தபோது நினைவு திரும்பிய அவர், சாதனை நிகழ்ந்ததா என்று கேட்டதாகச் சொல்வார்கள். கூடப்போன ரோல்ஸ்ராய்ஸ் பொறியாளர் விக்டர் ஹாலிவெலும் பிழைக்கவில்லை. 1952இல் ஜான் காப் லாக் நெஸ் ஏரியில் இறந்தார்.

1967 ஜனவரி 4 அன்று கானிஸ்டன் ஏரியில் டொனால்டு கேம்ப்பெல் புறப்பட்டார். விதிப்படி ஒரே பாதையில் போய்த் திரும்ப வேண்டும். இரண்டின் சராசரிதான் கணக்கு. முதல் ஓட்டத்தில் 479 கி.மீ. வந்துவிட்டது. எரிபொருள் நிரப்பவோ, தான் எழுப்பிய அலை அடங்கவோ காத்திராமல் உடனே திரும்பினார். 'புளூபேர்டு' படகின் அணியம் மெல்லத் தூக்கியது, படகு முழுதாக ஆகாயத்தில் எழுந்தது, குட்டிக்கரணம் போட்டுத் தண்ணீரில் விழுந்து சிதறியது. அவருடைய உடலை ஏரியடியிலிருந்து எடுக்க 2001 வரை ஆயிற்று.

இன்றைய உலகச் சாதனை கென் வார்பியுடையது. ஆஸ்திரேலியக்காரர். சிட்னியில் தன் வீட்டுக் கொல்லையில், பிளைவுட்டும் மரச்சட்டமும் வைத்துப் படகைக் கட்டினார். மழை வந்தால் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டு உள்ளே போய்விடுவார். ஏலத்தில் வந்த பழைய ராணுவ ஜெட் எஞ்சினை வாங்கிப் பொருத்தினார். செலவுக்குக் காசு போதாதபோது தான் வரைந்த ஓவியங்களைக் கடைத்தெருவில் விற்றார். 1978 அக்டோபர் 8 அன்று பிளவரிங் அணைத் தேக்கத்தில் அந்தப் படகு மணிக்கு 511 கி.மீ. ஓடியது. பிறகு அதை முறியடிக்கப் புறப்பட்ட லீ டெய்லர் 1980இலும் கிரெய்க் ஆர்ஃபன்ஸ் 1989இலும் உயிரை விட்டார்கள். அரை நூற்றாண்டை நெருங்கியும் சாதனை அப்படியே இருக்கிறது. வார்பி 2023இல் காலமானார்.

இருட்டில் ஓடியவர்கள்

கார் வுட் வாங்கிய அதே 'லிபர்ட்டி' எஞ்சின்களை வேறு சிலரும் வாங்கினார்கள். அமெரிக்காவில் 1920இலிருந்து 1933 வரை மதுவிலக்கு. கரையிலிருந்து சட்ட எல்லைக்கு அப்பால் சரக்குக் கப்பல்கள் வரிசைகட்டி நிற்கும். இருட்டியதும் சிறு படகுகள் ஓடிப்போய்ப் பெட்டி பெட்டியாக விஸ்கியும் ரம்மும் ஏற்றி வரும். விமான எஞ்சின் பூட்டிய படகைக் கடலோரக் காவல் படையின் கனத்த படகு எப்படிப் பிடிக்கும்? கடைசியில், பறிமுதல் செய்த கடத்தல் படகுகளிலேயே ஏறிக் கடத்தல்காரர்களைத் துரத்தினார்கள்.

ஆனாலும் அந்தப் படகுகளுக்கு ஒரு குறை இருந்தது. தட்டையான அடிப்பாகம் அமைதியான தண்ணீரில் பறக்கும். அலை எழுந்தால் ஒவ்வோர் அலையிலும் அறைந்து விழும். உள்ளே இருப்பவருக்கு முதுகெலும்பு விட்டுப்போகும். அமெரிக்க வடிவமைப்பாளர் ரே ஹன்ட், அடிப்பாகத்தை ஆழமான 'வி' வடிவில், பின்முனை வரைக்கும் இறக்கினார். 1960இல் மயாமியிலிருந்து நசாவுக்கு நடந்த பந்தயம் கொந்தளிக்கும் கடலில் நடந்தது. ஹன்ட் வடிவமைத்த 'மோப்பி' எட்டு மணி நேரத்தில் போய்ச் சேர்ந்தது. இரண்டாவதாக வந்ததும் அவர் வடிவமைத்த இன்னொரு படகுதான். மூன்றாவது படகு மறுநாள்தான் வந்தது. இன்று கடற்படைப் படகானாலும் மீட்புப் படகானாலும் அலையில் ஓடும் வேகப் படகின் அடிவயிற்றைத் தடவிப் பார்த்தால் ஹன்ட்டின் 'வி' கைக்குத் தட்டுப்படும்.

அந்த 'வி'யை வைத்து மயாமியில் பெரும் பணம் பார்த்தவர் டான் அரோனோ. ஒரே தெருவில் ஒன்றன்பின் ஒன்றாகக் கம்பெனி தொடங்கி, பெயர் வாங்கியதும் விற்றுவிட்டு, பக்கத்திலேயே அடுத்ததைத் தொடங்குவார். மதுவிலக்குக் காலத்துப் படகொன்றின் பெயரால் அவர் தொடங்கிய 'சிகரெட்' படகுகள் உலகப் புகழ் பெற்றன. பிற்பாடு அமெரிக்க அதிபரான மூத்த ஜார்ஜ் புஷ்ஷிடமும் ஒன்று இருந்தது. கொகெய்ன் கடத்தியவர்களும் அதே ரகப் படகுகளைத்தான் விரும்பினார்கள். அவர்களைத் துரத்த 1980களில் சுங்கத்துறை ஆர்டர் கொடுத்த 'புளூ தண்டர்' படகுகளைக் கட்டியதும் அரோனோதான். 1987 பிப்ரவரி 3 அன்று, அந்தத் தெருவின் அருகிலேயே, தன் காரில் உட்கார்ந்திருந்தபோது சுட்டுக் கொல்லப்பட்டார்.

ஸ்பெயின் இதற்கு வேறு விதமாக விடை தேடியது. ஜிப்ரால்டர் நீரிணையில் மூன்று, நான்கு எஞ்சின் கட்டிக்கொண்டு போதைப்பொருள் ஏற்றிவரும் ரப்பர் படகுகளை வைத்திருப்பதையே 2018இல் தடைசெய்தது. தடை மட்டும் போதவில்லை. 2024 பிப்ரவரியில் பார்பட்டே துறைமுகத்தில் அப்படியொரு படகு காவலர்களின் சிறிய படகு மீது ஏறியதில் இரண்டு காவலர்கள் இறந்தார்கள். இவ்வளவு பெரிய எஞ்சின் எதற்காக யாரிடம் இருக்கிறது என்று கேட்கும் உரிமை அரசுக்கு உண்டு. கேட்டால் மட்டும் போதாது. துரத்திப் போகிறவர்களுக்கும் சமமான படகு வேண்டும். ராமேசுவரத்துக்கும் தலைமன்னாருக்கும் இடையே தங்கமும் கஞ்சாவும் பீடி இலையும் ஃபைபர் படகில் போய்வரும் செய்திகளைப் படிக்கும் நமக்கு இது புதிதில்லை. ஆழம் குறைந்த பாக் நீரிணையில் ரோந்து போக, மண்டபத்தில் இந்தியக் கடலோரக் காவல் படை ஹோவர்கிராஃப்டுகளை வைத்திருக்கிறது.

சிறியது பெரியதை அடித்தபோது

வேகப் படகு போருக்குப் போனதில் ஒரு கவர்ச்சி உண்டு: பூனை யானையைச் சாய்க்கும் கதை. 1918 ஜூன் 10 விடியற்காலையில், ஏட்ரியாட்டிக் கடலில், லூய்ஜி ரிட்சோவின் தலைமையில் இரண்டு சிறிய இத்தாலியப் படகுகள் ஆஸ்திரிய-ஹங்கேரியக் கப்பற்படையின் குறுக்கே வந்தன. ரிட்சோவின் படகு இரண்டு டார்ப்பிடோக்களை விட்டது. 20,000 டன் எடையுள்ள 'செந்த் இஸ்த்வான்' போர்க்கப்பல் சாய்ந்து கவிழ்ந்தது. அது மூழ்குவதைப் பக்கத்துக் கப்பலிலிருந்து படம்பிடித்திருக்கிறார்கள். வீரர்கள் எறும்புகளைப்போல அடிப்பாகத்தின் மேல் ஏறி ஓடுவதை இன்றும் பார்க்கலாம்.

இரண்டாம் உலகப் போரில் அமெரிக்காவின் பி.டி. படகுகள் மரப்பலகையால் ஆனவை. மூன்று பேக்கார்டு எஞ்சின்கள். 40 நாட் வேகம். அப்படியொரு படகை, 'பி.டி. 109'ஐ, 1943 ஆகஸ்ட் 2 நள்ளிரவு கடந்த இருட்டில் ஜப்பானிய நாசகாரிக் கப்பலொன்று மோதிப் பிளந்தது. அதன் தலைவர், காயம்பட்ட தோழரின் மிதவை அங்கி வாரைப் பல்லில் கடித்துக்கொண்டு மணிக்கணக்கில் நீந்தித் தீவு சேர்ந்தார். அவர் பெயர் ஜான் எஃப். கென்னடி.

நம் பக்கத்துக் கடலிலேயே இந்தப் போர்முறையின் மிகக் கடுமையான அத்தியாயம் எழுதப்பட்டது. இலங்கை உள்நாட்டுப் போரில் கடற்புலிகள் பல எஞ்சின் பூட்டிய கண்ணாடியிழைப் படகுகளைக் கூட்டமாக விட்டும், வெடிமருந்து ஏற்றிய தற்கொலைப் படகுகளை இடையே கலந்தும், இலங்கைக் கடற்படையின் 'டோரா' ரக அதிவேகப் படகுகளைத் தாக்கினார்கள். போரின் கடைசி ஆண்டுகளில் கடற்படையும் 'ஆரோ' என்ற சிறு படகுகளைத் தானே கட்டி, கூட்டத்துக்குக் கூட்டம் என்று எதிர்த்தது. உலகின் கடற்படைக் கல்லூரிகள் இதைப் பாடமாகப் படிக்கின்றன. இரு தரப்பிலும் அந்தக் கடலில் இறந்தவர்களின் குடும்பங்களுக்கு அது பாடப்புத்தகம் இல்லை.

ஒரு பவுண்டு காப்புரிமை

1940 கோடையில், இங்கிலீஷ் கால்வாய்க்கு மேலே நடந்த விமானச் சண்டைகளில் பாராசூட்டில் குதித்த பிரிட்டிஷ் விமானிகள் பலர் குளிர்ந்த தண்ணீரில் விறைத்து இறந்தார்கள். கடலில் விழுந்தவர்களை மீட்கும் ஏற்பாடு ஜெர்மானியர்களிடம் பிரிட்டனைவிட நன்றாக இருந்தது. அதன்பிறகே 1941இல் பிரிட்டிஷ் விமானப்படை கடல் மீட்புக்கெனத் தனித் துறை ஒன்றைத் தொடங்கியது. ஸ்காட்-பெயினின் பட்டறையில் வளர்ந்த வடிவங்கள்தான் அதன் முதுகெலும்பு. போர் முடிவதற்குள் அந்த மீட்புச் சேவை காப்பாற்றியவர்கள் 13,000க்கு மேல். கார் வுட் முதல் கென் வார்பி வரை யாருடைய சாதனைப் பலகையிலும் இப்படியொரு எண் இல்லை.

அடுத்த பாய்ச்சல் ஒரு பள்ளிக்கூடத்தில் நிகழ்ந்தது. வேல்ஸ் கடற்கரையில், பழைய கோட்டையொன்றில் 1962இல் தொடங்கியது அட்லான்டிக் கல்லூரி. அதன் முதல் தலைமை ஆசிரியர் டெஸ்மண்ட் ஹோர், ஓய்வுபெற்ற கடற்படை அதிகாரி. மாணவர்கள் கடலில் பயிற்சி பெறும்போது காவலுக்கு ரப்பர் படகுகள் ஓடும். கூழாங்கல் கரையில் இழுத்து இழுத்து அவற்றின் அடித்துணி கிழிந்துபோகும். ஒட்டுப்போட்டு அலுத்தவர்கள், துணிக்குப் பதில் பிளைவுட் பலகையை ஒட்டிப் பார்த்தார்கள். பலகை அடியில் 'வி' வடிவம். சுற்றிலும் காற்றடைத்த குழாய். அது கவிழவில்லை, அலையில் அறையவில்லை, தண்ணீர் ஏறினாலும் மூழ்கவில்லை. இன்று கடற்படைகளும் கடலோரக் காவல் படைகளும் கடத்தல்காரர்களும்கூட ஓட்டும் ரப்பர் விளிம்புப் படகு பிறந்த கதை இது. அதன் காப்புரிமையை ஹோர் பிரிட்டனின் தன்னார்வ உயிர்காப்புப் படகுச் சங்கத்துக்கு ஒரு பவுண்டுக்குக் கொடுத்தார். 1972 முதல் அந்தச் சங்கம் ஓட்டத் தொடங்கிய படகுக்குக் கல்லூரியின் பெயரையே வைத்து 'அட்லான்டிக் 21' என்றார்கள். இப்போதுள்ள 'அட்லான்டிக் 85' 35 நாட் வேகத்தில் போகும். பெரும்பாலும் ஓட்டுகிறவர்கள், மணியடித்தால் கடையையும் வகுப்பையும் விட்டுவிட்டு ஓடிவரும் ஊர்க்காரர்கள்.

நியூசிலாந்தின் ஆட்டுப் பண்ணைக்காரர் பில் ஹாமில்டனின் கொடையும் இந்த வகையில் வரும். முழங்கால் ஆழ ஆறுகளில் சுழலி அடிபடுகிறது என்று, தண்ணீரை அடியில் உறிஞ்சிப் பின்னால் பீய்ச்சியடிக்கும் ஜெட் படகை 1954இல் ஓட்டிக் காட்டினார். 1977இல் எட்மண்ட் ஹிலாரி அத்தகைய படகுகளில் வங்கக் கடல் முகத்துவாரத்திலிருந்து கங்கையை எதிர்த்து ஏறி, நந்தபிரயாகை அருகே அருவி மறிக்கும்வரை போனார். வெளியே சுழலும் இலைகள் இல்லாததால், தண்ணீரில் தத்தளிக்கும் ஆளை ஜெட் படகு பயமின்றி நெருங்கலாம். மீட்புக்கு இதைவிடப் பொருத்தமான எஞ்சின் கிடையாது.

நம் கரையில்

2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் குமரி முனையைச் சுழற்றியடித்தபோது, எச்சரிக்கை எட்டாத தூரத்தில் நூற்றுக்கணக்கான படகுகள் இருந்தன. தமிழகத்திலும் கேரளத்திலும் நூற்றுக்கணக்கான மீனவர்கள் திரும்பவில்லை. அரசு மீட்பை எதிர்பார்த்துச் சலித்த சில ஊர்க்காரர்கள் தங்கள் படகிலேயே தேடப் போனார்கள். குமரிக் கரையில் ஹெலிகாப்டர் தளமும் வேகமான மீட்புப் படகும் வேண்டும் என்ற கோரிக்கை அன்றிலிருந்து ஒலிக்கிறது.

கணக்கு எளியது. கரையிலிருந்து 20 கடல் மைல் தொலைவில் ஒருவருக்கு நெஞ்சுவலி, அல்லது வின்ச்சில் கை சிக்கிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அவரை ஏற்றிக்கொண்டு விசைப்படகு 8 நாட் வேகத்தில் வந்தால் இரண்டரை மணி நேரம். 35 நாட் ஓடும் மீட்புப் படகுக்கு ஒரு வழிக்கு 35 நிமிடம்கூட ஆகாது. கேரளம் 2020இல் 'பிரதீக்ஷா' என்ற கடல் ஆம்புலன்ஸை இறக்கியது. பிறகு இன்னும் இரண்டு. உள்ளே சிகிச்சை வசதியோடு மருத்துவப் பணியாளரும் இருப்பது பாராட்டத்தக்கது. ஆனால், அதன் உச்ச வேகம் 14 நாட். நடமாடும் ஆஸ்பத்திரி தேவைதான். அது வந்து சேரும்வரை ஆளைப் பிழைக்க வைக்க முன்னால் பாய்ந்து போகும் சிறு படகும் தேவை.

வேகம் நம்மிடம் இல்லாமல் இல்லை. மும்பைத் தாக்குதலுக்குப் பிறகு கடலோரக் காவல் படை வாங்கிக் குவித்த இடைமறிப்புப் படகுகளில் 45 நாட் ஓடுபவை உண்டு. 50க்கும் மேற்பட்டவற்றை எல் அண்டு டி நிறுவனம் உள்நாட்டிலேயே கட்டியது. 2008 நவம்பரில் பயங்கரவாதிகள் ஒரு மீன்பிடிப் படகைக் கடத்தி, கடைசியில் ரப்பர் படகில் கரையேறியதற்கு நாடு கொடுத்த பதில் அது. 2018இல் ஆந்திரம் கிருஷ்ணா நதியில் உலக ஃபார்முலா 1 படகுப் பந்தயத்தையும் நடத்தியது. அந்தப் பந்தயப் படகுகளின் இரட்டை அடி வடிவத்துக்கு ஆங்கிலத்தில் 'கட்டமரான்' என்று பெயர். நம் கட்டுமரத்திடம் வாங்கிய சொல்.

ஓட்டத் தெரிந்தவர்களும் நம்மிடம் இருக்கிறார்கள். 2015 டிசம்பரில் சென்னை மூழ்கியபோது மீனவர்கள் ஃபைபர் படகுகளை நகரத் தெருக்களுக்குள் கொண்டுவந்தார்கள். 2018இல் கேரள மீனவர்கள் படகுகளை லாரியில் ஏற்றிக்கொண்டு போய், வெள்ளம் சூழ்ந்த ஊர்களிலிருந்து ஆயிரக்கணக்கானவர்களை மீட்டார்கள். யாரும் அவர்களுக்குப் பயிற்சி கொடுக்கவில்லை, கடல் கொடுத்திருந்தது. அவர்களைத் துறைமுகத்துக்குத் துறைமுகம் சம்பளத்துக்கும் மதிப்பூதியத்துக்கும் சேர்த்து, ஜெட் பூட்டிய படகைக் கையில் கொடுத்து, டீசலுக்கும் பழுதுபார்ப்புக்கும் தனி ஒதுக்கீடு போட்டுவிட்டால் பாதி வேலை முடிந்தது. படகு வாங்க மட்டும் பணம் ஒதுக்கி, டீசலை மறப்பதைப்போல் வீண் செலவு இல்லை.

வேகத்துக்கு ஒழுங்கும் வேண்டும். 2024 டிசம்பர் 18 அன்று மும்பைத் துறைமுகத்தில், எஞ்சின் சோதனையில் இருந்த கடற்படையின் வேகப் படகொன்று கட்டுப்பாட்டை இழந்து, எலிஃபன்டா தீவுக்குப் போய்க்கொண்டிருந்த பயணிகள் படகில் மோதியது. பத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதன்பிறகுதான் அங்கே பயணிகளுக்கு உயிர்காப்பு அங்கி கட்டாயமாக்கப்பட்டது. சுற்றுலா என்ற பெயரில் நம் கடற்கரைகளிலும் அணைகளிலும் ஓடும் வேகப் படகுகளுக்கு எங்கே ஓடலாம், யார் ஓட்டலாம், எத்தனை பேர் ஏறலாம் என்ற விதியை விபத்துக்கு முன்பே எழுதிவைக்கலாம்.

குமரி, தூத்துக்குடி, ராமேசுவரம், நாகை, கடலூர், சென்னை என்று ஆறு துறைமுகங்களில் தலா இரண்டு மீட்புப் படகு நிறுத்துவது அடுத்த பட்ஜெட்டிலேயே முடிகிற காரியம். சட்டமன்றத்தில் கடலோரத் தொகுதி உறுப்பினர்கள் கட்சி பாராமல் கேட்க வேண்டிய முதல் கோரிக்கை இதுவாக இருக்கட்டும். அதுவரை, கடலுக்குப் போகிறவர்கள் வீட்டுச் சுவரிலும் படகின் உட்பலகையிலும் இரண்டு எண்களை எழுதி வைத்துக்கொள்வது நல்லது: கடலோரக் காவல் படை 1554, கடலோரப் பாதுகாப்புக் காவல் 1093.